சோறும் பருப்பும் – ஒரு பழைய கணக்கு

சைவ உணவு மட்டும் சாப்பிட்டால் உடலுக்கு வேண்டிய புரதம் முழுமையாகக் கிடைக்குமா? பலரும் கேட்கும் கேள்வி இது. இதற்கான விடை சேத்தியாத்தோப்பு வயல்களிலேயே இருக்கிறது.

வெள்ளாறும் வீராணம் ஏரியும் வளப்படுத்தும் இந்தப் பகுதியில், சம்பா நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலுமே அவை விளைந்துவிடும். முதலில் நெல், பின்னால் பயறு. ஒரே வயல் இரண்டையும் தருகிறது.

நம் உடல் தானே தயாரிக்க முடியாத அமினோ அமிலங்கள் 9. அவை உணவிலிருந்துதான் வர வேண்டும். அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் லைசின் அதிகம், ஆனால் மெத்தியோனின் குறைவு. அரிசியில் மெத்தியோனின் உண்டு. ஆகவே ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. இட்லியும் வெண்பொங்கலும் சாம்பார் சாதமும் செய்வது இதைத்தான். இரண்டையும் ஒரே வேளையில் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு நாளைக்குள் சேர்ந்தால் போதும்.

விஞ்ஞானம் இதைக் கண்டுபிடித்தது மிகப் பிந்தித்தான். லைசின் இல்லாத உணவில் எலிகள் வளர்வதில்லை என்று அமெரிக்காவில் ஆஸ்பார்னும் மெண்டலும் காட்டியது 1914-இல். இந்த வகை அமினோ அமிலங்களில் கடைசியாக அறியப்பட்ட திரியோனினை வில்லியம் ரோஸ் கண்டறிந்தது 1935-இல்.

அதற்கு வெகுகாலம் முன்பே, 1867 மே 23 அன்று, சேத்தியாத்தோப்புக்கு வடக்கே உள்ள வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். புலால் மறுத்த அவர் மூட்டிய அந்த அடுப்பு, பசித்து வந்தவர்களுக்குச் சைவ உணவு சமைத்தது. இன்றும் அது அணையவில்லை.

அடுத்த பத்தாண்டுக்குள் 1876-78 பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது. நிவாரண வேலையில் கல்லும் மண்ணும் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877-இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் கணக்கிட்டார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். தானியத்தைக் கூட்ட வேண்டும், அதோடு காய்கறியும் புரத உணவும் வேண்டும் என்று வாதாடினார். அந்த ஆண்டு மார்ச்சில் அரசு இறங்கி வந்து, தானியத்தைச் சுமார் 570 கிராமாக உயர்த்திப் பருப்பையும் சேர்த்தது. லைசின் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. ஆனால் வெறும் சோறு உழைப்பவன் உடம்பைக் காக்காது என்பது பஞ்ச முகாம்களில் கண்கூடாகத் தெரிந்தது.

ஆக, சைவ உணவில் குறை இல்லை. சோற்றின் பக்கத்தில் பருப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வறுமை வந்தால் தட்டிலிருந்து முதலில் காணாமல் போவது சோறு அல்ல, பருப்புதான். சோறு வயிற்றை நிரப்பிவிடுவதால் அந்தக் குறை வெளியே தெரிவதும் இல்லை.