பொதட்டூர்பேட்டை தமிழ்நாட்டுக்கு வந்த கதை: படாஸ்கர்

1/ திருத்தணி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை. 1960 மார்ச் 31 வரைக்கும் இதெல்லாம் ஆந்திராவோட சித்தூர் மாவட்டம்னு தெரியுமா மக்களே? போராடிய ம.பொ.சி.யை எல்லாருக்கும் தெரியும். எல்லையை முடிவு செஞ்சவரைத் தெரியுமா?

2/ ஹரி விநாயக் படாஸ்கர். வக்கீல். நேரு அரசில் சட்டத்துறை பார்த்தவர். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் முன்நின்று நிறைவேற்றியவர். உயில் எழுதாம இறந்த அப்பாவோட சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் சம பங்கு தந்த சட்டம் அது.

3/ அடுத்து, எல்லைத் தகராறில் நடுவர். தாலுகாவை மொத்தமா பார்க்கல. கிராமம் கிராமமா பார்த்தார். அங்கே பெரும்பான்மை எந்த மொழி? நிலம் தொடர்ச்சியா இருக்கா? இதுதான் ‘படாஸ்கர் ஃபார்முலா’. பிற்பாடு மகாராஷ்டிரா–கர்நாடகா தகராறிலும் இதே பேச்சு வந்தது.

4/ அதன்படி 1959-ல் சட்டம், 1960 ஏப்ரல் 1 முதல் அமல். திருத்தணி இங்கே வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்குப் போனது. திருப்பதி அங்கேயே நின்றது.

5/ பெரும்பான்மையை எண்ணிக் கோடு போடலாம். ஆனா சிறுபான்மை கோட்டோட நகர்ந்து போகாது. இந்தப் பக்கம் ஓபியில் ‘வலி’ன்னும் சொல்வாங்க, ‘நொப்பி’ன்னும் சொல்வாங்க. ரெண்டும் இந்த ஊர்ப் பேச்சுதான். இங்கே வேலைக்கு வர்றவங்க ரெண்டையும் கத்துக்கணும்.