தூஸ் நகரின் நூற்றைம்பது மாணவர்கள்

கல்வியில் உயர்ந்தவர் தலைநகரை நாடிச் செல்வதும், அங்கே பெயர் பெற்றவர் அங்கேயே தங்கிவிடுவதும் உலக வழக்கு. அரசு இருக்கும் இடத்தில் பொருள் குவியும். பொருள் குவியும் இடத்தில் நூலகங்களும் கல்விக்கூடங்களும் புரவலர்களும் பெருகுவர். இவ்வழக்குக்கு மாறாக, தம் காலத்தின் மிக உயர்ந்த ஆசிரியப் பீடத்தைத் துறந்து தம் மாகாண நகருக்குத் திரும்பி, மறுமுறை அழைப்பு வந்தபோதும் செல்ல மறுத்தவர்கள் இமாம் அபூஹாமித் அல் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். இமாமவர்களின் துறவைப் பற்றி நம் மேடைகளில் பலரும் பேசியிருக்கின்றனர். அவர்கள் திரும்பி வந்து வாழ்ந்த ஊரைப் பற்றியும், அங்கேயே இருப்பதற்கு அவர்கள் எடுத்துரைத்த காரணங்களைப் பற்றியும் பேசுவோர் குறைவு. அக்காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்வூரின் பெயர் தூஸ். குராஸான் மாகாணத்தைச் சேர்ந்தது. ஒரே நகராகச் சொல்லப்பட்டாலும், தாபரான், நூகான் என்னும் இரண்டு ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களும் சேர்ந்ததே தூஸ் ஆகும். மலைத்தொடருக்குத் தெற்கே இருந்த நைஸாபூர்தான் குராஸானின் பெருநகர். வணிகமும் கல்வியும் அங்கேதான் செழித்திருந்தன. வடக்கே ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்த தூஸ் அதற்கு அடுத்த நிலையிலேயே இருந்தது. கல்லைக் குடைந்து செய்யும் சமையற் கலங்களுக்கு அவ்வூர் பேர்போனது. அதன் அருகிலுள்ள சனாபாத் என்னும் சிற்றூரில்தான் 809இல் மறைந்த கலீஃபா ஹாரூன் ரஷீதும், 818இல் மறைந்த இமாம் அலீ ரிளா (ரலி) அவர்களும் அடங்கியுள்ளனர். ஷாநாமா பாடிய பிர்தௌஸி தூஸைச் சேர்ந்தவர். ஸல்ஜூக்கியப் பேரரசின் பேரமைச்சர் நிஜாமுல் முல்க் பிறந்ததும் இந்நகரின் சுற்றுப்புறத்திலேதான். எனவே தூஸைப் பட்டிக்காடு என்று எண்ணிவிடலாகாது. பக்தாதோடு ஒப்பிடவும் இயலாது. நடுத்தரமான ஒரு மாகாண நகர் அது.

இமாம் கஸ்ஸாலி அவர்கள் ஹிஜ்ரி 450இல், அதாவது கி.பி. 1058இல் இங்கே பிறந்தார்கள். தந்தையார் கம்பளி நூற்று விற்று வாழ்ந்த எளியவர். தம் இறுதிக் காலத்தில் இரண்டு ஆண்மக்களையும், கையிலிருந்த சிறு பொருளையும் ஸூஃபியான ஒரு நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் மறைந்தார். அப்பொருள் தீர்ந்ததும், அந்நண்பர் பிள்ளைகள் இருவரையும் மதரஸாவில் சேர்ந்துவிடுமாறு அறிவுறுத்தினார் என்று வரலாற்றாசிரியர் ஸுப்கீ எழுதுகிறார். மதரஸாவில் சேர்ந்தால் பாடத்தோடு உணவும் கிடைக்கும். ஆக, தந்தையற்ற ஏழைப் பிள்ளையைப் பசியாற்றிப் படிக்க வைத்தது தூஸ் நகரின் ஒரு கல்விக்கூடமே. பின்னர் ஜுர்ஜானிலும், நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ அவர்களிடத்திலும் கற்றுத் தேர்ந்தார்கள்.

1091இல் நிஜாமுல் முல்க் அவர்களைப் பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவுக்குத் தலைமை ஆசிரியராக்கினார். அப்போது வயது முப்பத்து மூன்று. முந்நூறு மாணவர்கள் அங்கே தம்மிடம் பயின்றதாக இமாமவர்களே தம் 'அல் முன்கித்' என்னும் நூலில் குறிப்பிடுகிறார்கள். ஆனால் தலைநகரின் பெருமை எத்தனை விரைவில் ஆட்டங்காணும் என்பதையும் அங்கேதான் கண்டார்கள். 1092இல் நிஜாமுல் முல்க் கொலையுண்டார். சில வாரங்களில் சுல்தான் மலிக்ஷாவும் மறைந்தார். வாரிசுப் போர் மூண்டது. அறிஞர்கள் எந்த அரசரின் நிழலில் நிற்பது என்று எண்ணிப்பார்க்க வேண்டிய காலம் அது. 1095இல் இமாமவர்களின் உள்ளத்தில் பெரும் போராட்டம் எழுந்தது. தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்ற வினா ஏறத்தாழ ஆறு மாதம் அவர்களை அலைக்கழித்தது. பாடம் நடத்த நா எழவில்லை, உணவு இறங்கவில்லை, மருத்துவர்கள் கைவிரித்தனர். முடிவில், பிள்ளைகளுக்குத் தேவையான அளவை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய செல்வத்தைப் பங்கிட்டளித்துவிட்டுப் பக்தாதை விட்டு வெளியேறினார்கள்.

திமிஷ்கு, பைத்துல் முகத்தஸ், அல்கலீல், மக்கா, மதீனா என்று பயணம் தொடர்ந்தது. அல்கலீலில் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் மூன்று உறுதிகளைச் செய்துகொண்டார்கள்: அரசரிடம் பொருள் பெறுவதில்லை, அரசரின் அவைக்குச் செல்வதில்லை, வாதப் போர்களில் ஈடுபடுவதில்லை. பின்னர் பிள்ளைகளின் அழைப்பு தம்மைத் தாயகத்தின்பால் ஈர்த்தது என்று அவர்களே எழுதுகிறார்கள். தூஸுக்குத் திரும்பினார்கள்.

திரும்பியவர்கள் சும்மா இருக்கவில்லை. ஷாஃபிஈ சட்டநூலாகிய 'அல் வஜீஸ்' பக்தாதை விட்ட பின்னரே உருப்பெற்றது. பாரசீகத்தில் பொதுமக்களுக்காகக் 'கீமியாயே ஸஆதத்' எழுதப்பட்டது. 1106இல், நிஜாமுல் முல்க்கின் மகன் ஃபக்ருல் முல்க்கின் வற்புறுத்தலால் நைஸாபூர் நிஜாமிய்யாவில் சில காலம் கற்பித்தார்கள். அதையும் விட்டுத் தூஸுக்கே மீண்டார்கள். தம் இல்லத்தை அடுத்து மாணவர்களுக்கு ஒரு மதரஸாவும் ஸூஃபிகளுக்கு ஒரு கான்காவும் அமைத்தார்கள். குர்ஆன் ஓதுதல், உள்ளத் தூய்மை நாடுவோரோடு அமர்தல், பாடம் நடத்துதல் என்று நேரத்தைப் பகுத்துக்கொண்டார்கள் என்று, நைஸாபூரில் அவர்களை நேரில் அறிந்திருந்த அப்துல் காஃபிர் அல் ஃபாரிஸீ குறிப்பிடுகிறார்.

1110இல் பக்தாத் நிஜாமிய்யாவின் தலைமை ஆசிரியர் கியா அல் ஹர்ராஸீ மறைந்தார். அப்பீடத்தை ஏற்குமாறு இமாமவர்களுக்கு அமைச்சரிடமிருந்து அழைப்பு வந்தது. அமைச்சரும் நிஜாமுல் முல்க்கின் மற்றொரு மகனே. அழைப்பை மறுத்து இமாமவர்கள் விடுத்த மடல் அவர்களுடைய பாரசீகக் கடிதங்களின் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அதில் அடங்கிய காரணங்களைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலாவது, தூஸில் நூற்றைம்பது மாணவர்கள் தம்மிடம் பயில்கின்றனர். அவர்களால் பக்தாதுக்கு இடம்பெயர இயலாது. இரண்டாவது, முன்பு நிஜாமுல் முல்க் அழைத்தபோது தாம் தனியர். இப்போது குடும்பம் உண்டு. மூன்றாவது, அல்கலீலில் செய்த உறுதி. பக்தாதில் இருந்துகொண்டு அவை செல்லாமலும் வாதிடாமலும் இருக்க முடியாது. நான்காவது, வாழ்வாதாரம். பக்தாதில் தமக்குச் சொத்து எதுவுமில்லை. உதவித்தொகையைப் பெற்றே வாழவேண்டியிருக்கும். தூஸிலோ தமக்குரிய சிறு நிலம் சிக்கனமான வாழ்வுக்குப் போதுமானது.

இவற்றுள் எதுவும் ஊர்ப் பற்று என்னும் வெறும் உணர்ச்சியால் எழுந்ததன்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தூஸின் காற்று இனிது, நீர் இனிது என்று இமாமவர்கள் எழுதவில்லை. பக்தாதைப் பழிக்கவுமில்லை. செய்ய வேண்டிய பணி எது, அதை எங்கே இருந்தால் கலப்படமின்றிச் செய்ய முடியும் என்பதே அவர்களின் கணக்கு. பக்தாதின் முந்நூறு தூஸின் நூற்றைம்பதைவிட இரு மடங்குதான். ஆனால் பக்தாதுக்கு வர வசதி படைத்தவன் வேறோர் ஆசிரியரையும் தேடிக்கொள்வான். தூஸை விட்டு நகர இயலாத மாணவனுக்கோ இவர்கள் போய்விட்டால் யார் இருக்கிறார்? தூஸின் மதரஸாவில் உணவுக்காகச் சேர்ந்த ஒரு பிள்ளையே வளர்ந்து இவ்விடையைக் கூறியது என்பதை எண்ணும்போது அதன் கனம் விளங்கும்.

பக்தாத் இல்லாவிடில் கஸ்ஸாலி ஏது என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. நைஸாபூரின் ஆசிரியரும் பக்தாதின் நூல்களும் அறிஞர் குழாமும் இல்லாமல் இமாமவர்களின் கல்வி முழுமை பெற்றிராது. தேடிச் சென்று கற்பது நம் முன்னோர் நெறி. ஆயினும், கற்கச் சென்ற இடத்திலேயே கற்பிக்கவும் வேண்டும் என்பது எந்த நெறியிலும் இல்லை. தூஸ் நடுத்தர நகராக இருந்ததும் இங்கே முக்கியம். நூற்றைம்பது மாணவர்கள் கூடுவதற்கு வேண்டிய மக்களும் அங்காடியும் நூல்களும் அங்கே இருந்தன. அரசரின் பார்வை ஒவ்வொரு நாளும் விழும் அளவுக்கு அது பெரிதாகவும் இல்லை.

1111 டிசம்பரில், ஹிஜ்ரி 505 ஜமாதுல் ஆகிர் பதினான்காம் நாள், இமாமவர்கள் தூஸிலேயே மறைந்து தாபரானில் அடங்கினார்கள். தூஸும் நிலைக்கவில்லை. 1153இல் குஸ் துருக்கியர் அதைச் சூறையாடினர். அடுத்த நூற்றாண்டில் மங்கோலியர் வந்தனர். 1389இல் தைமூரின் படையால் அது முற்றாக வீழ்ந்தது. சனாபாத் மஷ்ஹத் என்னும் பெருநகராக வளர, தூஸ் அதன் அருகே ஒரு சிற்றூராகச் சுருங்கியது. பக்தாதும் 1258இல் அழிவுக்குள்ளாகியது. எஞ்சியவை நூல்களும் மாணவர் வழிமுறையுமே. கஸ்வீன் என்னும் மற்றொரு மாகாண நகரில் வாழ்ந்த இமாம் ராஃபிஈ 'அல் வஜீஸ்' நூலுக்கு விரிவுரை எழுதினார்கள். இமாம் நவவீ அதைச் சுருக்கி 'ரவ்ளா' ஆக்கினார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஷாஃபிஈ சட்டம் ஓதிய நம் முன்னோர், அறிந்தோ அறியாமலோ, இவ்வழிமுறையின் பயனை நுகர்ந்தவர்களே.

நம் நாட்டிலும் கல்வி தலைநகரில் மட்டும் வளரவில்லை. வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி, 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி, 1971இல் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லா அப்பா கல்லூரி என எத்தனையோ நிலையங்கள் சென்னைக்கு வெளியே எழுந்தன. ஏழை மாணவன் வீட்டுச் சோற்றை உண்டு படிக்க இவை வழி செய்தன. இன்று இத்தகைய ஊர்களின் இளைஞர்கள் பட்டம் பெற்றதும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பயணமாகின்றனர். ஆசிரியர்களும் அவ்வாறே. அவர்களைக் குறை கூறுவது எளிது.

இமாமவர்களின் நான்காவது காரணத்தை இங்கே மறந்துவிடலாகாது. தூஸில் ஒரு சிறு நிலம் இருந்தது. அதனால் அவர்களால் மறுக்க முடிந்தது. நிலமும் இல்லை, போதிய ஊதியமும் இல்லை என்னும் நிலையில் உள்ள ஓர் ஆசிரியரை நோக்கி, ஊரிலேயே இருந்து தொண்டாற்றுங்கள் என்று சொல்வது அறமாகாது. தம் பள்ளியின் இமாமுக்கும் மதரஸா உஸ்தாதுக்கும் சிக்கனமான வாழ்வுக்கேனும் போதுமானதை அளிக்காத ஊர், தன் அறிஞர்கள் வெளியேறியதைப் பற்றி வருந்த உரிமையற்றது. வக்ஃபு என்னும் ஏற்பாட்டை நம் முன்னோர் இதற்காகவும் வகுத்தனர். அதைப் பேணும் ஊரில், போக வாய்ப்பிருந்தும் போகாமல் நூற்றைம்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள் இனியும் தோன்றுவார்கள்.