பிரித்து மேய்தல்

ஒரு படத்தை யாராவது விடாமல் அலசி விமர்சித்தால் "பிரிச்சு மேஞ்சுட்டான்" என்கிறோம். கூரை வேலையில் இந்தச் சொல்லுக்கு நேரடிப் பொருள் உண்டு. ஐப்பசி மழைக்கு முன்னால் பழைய கூரையைப் பிரிப்பார்கள். மக்கிய கீற்றையும் உடைந்த ஓடுகளையும் கழித்துவிட்டு, நன்றாக இருப்பதை மறுபடி அடுக்குவார்கள். குறைகிற இடத்துக்கு மட்டும் புதிது வரும். வேலை முடிந்ததும் அது பழைய கூரையா, புதிய கூரையா என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. கேட்க வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றியிருக்காது.

இன்றைக்குப் பல குடும்பங்களின் வாட்சப் குழுக்களில் அந்தக் கேள்விதான் ஓடுகிறது. பழுது பார்ப்பதா, மொத்தமாக மாற்றுவதா? எங்கள் குழுவிலும் ஓடியது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீடு. முன்கட்டு நாட்டு ஓடு, கொள்ளுத்தாத்தா காலத்தது. பின்கட்டில் இரண்டு அறைகள், 1989இல் கான்கிரீட் போட்டவை. முன்கட்டு மழைக்கு ஒழுகியது. பின்கட்டில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. மொத்தத்தையும் இடித்துவிடலாம் என்றார் அப்பா. முன்கட்டு ஓடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அதே சுவர் மேல் தளம் போடலாம் என்றார் சித்தப்பா. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு "ஓட்டு வீடு அழகு, அதை விட்டுடக் கூடாது" என்றேன் நான். அதற்கு அப்பா எழுதிய பதில்: "அழகு உனக்கு. மழை பெஞ்சா ராத்திரி எந்திரிச்சுப் பாத்திரம் வைக்கிறது நான்."

மென்பொருள் தொழிலிலும் இந்தச் சண்டை தினமும் உண்டு. பழைய நிரலைத் திருத்துவதா, முதல் வரியிலிருந்து புதிதாக எழுதுவதா? அங்கே நல்ல மூத்தவர்கள் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: இது ஏன் இப்படி எழுதப்பட்டது, இத்தனை நாள் இதை யார் பார்த்துக்கொண்டார்கள்? கூரைக்கும் அதையே கேட்டுப் பார்த்தேன்.

நாட்டு ஓடு குயவர் சக்கரத்தில் பிறப்பது. களிமண்ணைக் குழாய் போல வனைந்து, நீளவாட்டில் கீறி, இரண்டு பாதியாக்கிச் சுடுவார்கள். கைமரங்களின் மேல் சட்டம் பரப்பி, ஒரு வரிசையை மல்லாத்தியும் அடுத்ததை அதன்மேல் கவிழ்த்தும் அடுக்குவார்கள். முகட்டைத் தவிர எங்கும் சாந்து கிடையாது, ஆணி கிடையாது. பூனை நடந்தால் நகரும். குரங்கு வந்தால் உடையும். இதை ஒரு குறை என்றுதான் சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். ஆனால் ஒட்டாமல் கிடப்பதால்தான் ஒன்றை மட்டும் எடுக்க முடிகிறது. உடைந்ததை உருவிவிட்டு அதே இடத்தில் வேறொன்றைச் செருகலாம். ஒரு கைமரம் உளுத்துப்போனால் அந்தப் பகுதியை மட்டும் பிரிக்கலாம். இந்தக் கூரையில் பழுதுபார்ப்பதும் மாற்றுவதும் வேறு வேறு வேலைகள் அல்ல. நாற்பது ஐம்பது வருடத்தில் கூரை கிட்டத்தட்ட முழுக்கவே மாறியிருக்கும், ஆனால் வீடு ஒரு நாள்கூடக் கூரையில்லாமல் இருந்திருக்காது.

இதன் அடுத்த கட்டம் சீமை ஓடு. பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865இல் மங்களூரின் ஜெப்புவில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். மதம் மாறியதால் சாதித் தொழிலையும் ஊர் ஆதரவையும் இழந்தவர்களுக்கு வேலை தருவது மிஷனின் நோக்கங்களில் ஒன்று. ஒன்றோடொன்று கொக்கி போல் மாட்டிக்கொள்ளும் தட்டையான ஓடு அது. ஒரே அச்சில் வருவதால் எல்லாம் ஒரே அளவு. ரயிலிலும் கப்பலிலும் ஏற்றி எங்கேயும் அனுப்ப முடிந்தது. நாட்டு ஓட்டைவிடக் குறைவாக ஒழுகும், எடையும் குறைவு. அதிலும் ஒன்று உடைந்தால் அந்த ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.

அதே மேற்குக் கரையில் சற்றுத் தெற்கே, கள்ளிக்கோட்டையில், சாமூதிரி ஆட்சிக் காலத்தில் கோயிலும் அரண்மனையும் தவிர மற்ற கட்டடங்களுக்கு ஓடு போட அனுமதி வேண்டும் என்ற நிலை இருந்தது. ஐரோப்பிய வணிகர்களின் கிடங்குகளுக்கும் இது பொருந்தியது. நமக்கு 'கிராமத்து அழகு' என்று தெரிகிற ஓடு, அங்கே ஒரு காலத்தில் யார் எந்த உயரத்தில் இருக்கலாம் என்று சொல்லும் அடையாளம். கூரையைப் பற்றிய எந்தப் பேச்சிலும் இதை மறக்கக் கூடாது.

ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு கூரை இருக்கிறது: மெட்ராஸ் டெரஸ். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் தேக்கு உத்தரங்களுக்கு நடுவே சின்னச் சின்னச் செங்கற்கள் சாய்வாக ஓடுவது தெரியும். மெல்லிய கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில், மூலையிலிருந்து குறுக்குவாட்டாக ஒட்டிக்கொண்டே போவார்கள். பக்கத்துக் கல்லே அடுத்த கல்லைப் பிடித்துக்கொள்வதால் கீழே முட்டுப் பலகை வேண்டியதில்லை. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த பரப்பு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து அதை இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு.

சுண்ணாம்பில் மயிரிழை வெடிப்பு விட்டால், உள்ளே போகும் மழைநீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து, காயும்போது வெடிப்பிலேயே படிய வைக்கும். சின்னக் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் கூரை. இந்தக் கூரையை எப்படிக் கட்டுவது என்பதற்கு ஐ.எஸ். 2119 என்று ஓர் இந்தியத் தரவிதியே இருக்கிறது. அதன் ஒரு பதிப்பு 1980இல் வந்தது. தாளில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. நாள்கணக்கில் உட்கார்ந்து அடிக்கும் கைகளைத்தான் இப்போது தேட வேண்டும்.

பிறகு கான்கிரீட் வந்தது. கம்பி வைத்த கான்கிரீட்டுக்கான இந்திய விதித்தொகுப்பு ஐ.எஸ். 456, முதலில் வெளியானது 1953இல். அடுத்த ஐம்பது வருடங்களில் ஊருக்கு ஊர் 'தளம் போட்ட வீடு' என்பது ஒரு தலைமுறையின் லட்சியமானது. அதற்கு நியாயமும் இருந்தது. திருடன் ஓட்டைப் பிரித்து இறங்க முடியாது. தேள் விழாது. மேலே நெல் காயவைக்கலாம், கோடையில் படுக்கலாம், பின்னால் மாடியும் எழுப்பலாம்.

அதன் நோய் வேறு வகை. புதுக் கான்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது, பி.எச். 12க்கு மேல். அந்தக் காரம் உள்ளே இருக்கும் கம்பியின்மேல் ஒரு மெல்லிய படலத்தை உருவாக்கித் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெதுவாக உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. அது கம்பியைத் தொட்டதும் படலம் போய்விடும். ஈரமும் காற்றும் சேர்ந்து துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடமில்லாததால் அடியிலிருக்கும் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். தளத்தின் அடிப்பக்கத்தில் கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இருக்க வேண்டிய கனம், சாதாரணச் சூழலில்கூட 20 மில்லிமீட்டர். கம்பிக்குக் கீழே வைக்கும் சின்ன 'கவர் பிளாக்' இல்லாமல் பலகைமேலேயே கம்பியைக் கிடத்திக் கான்கிரீட் கொட்டிய தளங்கள் நம் ஊர்களில் எத்தனையோ. எங்கள் பின்கட்டும் அப்படித்தான். சில இடங்களில் கம்பிக்கு அடியில் பூச்சு மட்டுமே இருந்தது.

ஓட்டுக் கூரை கெட்டால் அன்றைக்கே சொட்டும், எங்கே என்றும் தெரியும். கான்கிரீட் பல வருடம் ஒன்றும் சொல்லாது. சொல்லும்போது படுக்கைமேல் ஒரு பாளம் விழும். அங்கே சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. தண்ணீர் எங்கோ நுழைந்து எங்கோ வெளிவரும். ஒரு பகுதியை மட்டும் எடுத்து வேறு வைக்கவும் வழியில்லை, எல்லாம் ஒரே துண்டு. 'பழுதா, மாற்றமா' என்ற கேள்வி இவ்வளவு பெரிதாக நம் முன் வந்து நிற்பது இந்த ஒரே துண்டுக் கூரையால்தான்.

இதுவரை படித்தவர்களுக்கு நான் ஓட்டுக்கு வக்காலத்து வாங்குவது போலத் தோன்றலாம். காவிரி டெல்டாவில் கூரையின் வரலாற்றை அப்படி முடிக்க முடியாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல் கொட்டகையில் பிடித்த தீ கீற்றுக் கூரை வழியாகப் பள்ளியில் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். முதலாவது சாதியும் நிலமும் செய்த கொலை. இரண்டாவது அலட்சியம். இரண்டிலும் தலைக்கு மேலே இருந்தது தீயைத் தாங்காத கூரை. அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்றச் சொன்ன அரசு, 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டத்தை அறிவித்தது. 2024இல், 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்று 8 லட்சம் வீடுகளுக்கு இலக்கு வைத்தது. இங்கே பழுதுபார்ப்பதைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. மாற்றத்தான் வேண்டும்.

எங்கள் ஊரில் ஓடு மாற்றத் தெரிந்தவர் இப்போது ஒருவர்தான். வயது அறுபதுக்கு மேல். கூரையைப் பார்க்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "உங்க வீடும் ஓட்டு வீடுதானா?" என்று கேட்டேன். சிரித்தார்.

"தளம் போட்ட வீடு தம்பி. கவர்மெண்டுல குடுத்தது. கீத்துக் கொட்டாயில பொறந்தவன் யாரும் ஓட்டு வீட்டுக்கு ஏங்க மாட்டான். ஒவ்வொரு ஐப்பசிக்கும் எங்காத்தா அடுப்ப மேல தூக்கி வச்சதப் பாத்திருக்கேன்."

"அப்ப இதையும் எடுத்துடலாம்ங்கிறீங்களா?"

"அப்படிச் சொல்லலையே. மரம் நல்லாருக்கு. மூணு கைமரந்தான் போயிருக்கு. வருஷத்துக்கு ஒருக்கா ஏறிப் பாக்க ஆளு வேணும், அம்புட்டுத்தான். எனக்கப்புறம் யாரு ஏறுவான்னு பாத்துக்கங்க."

சித்தப்பாவின் யோசனைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 100 சதுர அடிக்குச் சீமை ஓட்டுக் கூரை, மரச்சட்டத்தோடு சேர்த்து ஏறக்குறைய 600 கிலோ. நாட்டு ஓட்டை இரட்டை அடுக்காக வைத்தால் அதைப்போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் ஏறக்குறைய 3 டன், மேலே போடும் தட்டோடும் ஜல்லியும் தனி. மண்சாந்தில் கட்டிய சுவரும் அதற்கேற்ற அஸ்திவாரமும் அந்தப் பாரத்துக்காகப் போடப்பட்டவை அல்ல. கூரையை மட்டும் மாற்றுவது என்று பேச்சில் தொடங்குவது, சுவரை மாற்றி, அஸ்திவாரத்தை மாற்றி, வீட்டையே மாற்றுவதில் போய் முடியும். இந்தக் கணக்கைப் போடாமல் பழைய சுவர்மேல் தளம் போட யாராவது சம்மதித்தால் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பின்கட்டைப் பார்க்கப் பொறியாளர் ஒருவர் வந்தார். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். பாதிக்கு மேல் பொள்ளல் சத்தம். கம்பியைச் சுரண்டினால் செதிலாக உதிர்ந்தது. ஒட்டுப் போட்டால் இரண்டு மழை தாங்கும் என்றார். இருப்பதில் இளைய கூரை முதலில் செத்துவிட்டிருந்தது. அதை இடித்துப் புதுத் தளம் போட்டோம், இந்த முறை கவர் பிளாக்கை அப்பா ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். முன்கட்டைப் பிரித்து மேய்ந்தோம். மூன்று கைமரம் புதிது. உடைந்த ஓடுகளுக்கு, பக்கத்து ஊரில் இடித்த ஒரு வீட்டிலிருந்து விலைக்கு வாங்கினோம்.

அப்பா சம்மதித்ததற்கு அழகு காரணமல்ல. இரண்டு நிபந்தனை வைத்தார். வருடாவருடம் புரட்டாசியில் செலவும் லீவும் என்னுடையது. ஓடு மாற்றும் பெரியவரோடு ஊரிலிருந்து ஓர் இளைஞனும் ஏற வேண்டும், அவனுக்கும் முழுக் கூலி. லோடு வண்டி ஓட்டும் பையன் ஒருவன் ஒத்துக்கொண்டான். ஓட்டைக் காப்பாற்றுவது என்றால் அதன்மேல் ஏறத் தெரிந்த ஆளைக் காப்பாற்றுவது. அதற்குப் பணமும் நேரமும் தர முடியாதவர்கள் கான்கிரீட்டுக்குப் போவதில் எந்தத் தவறும் இல்லை. அதற்கும் ஒருநாள் ஆள் தேவைப்படும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவத்தில் கூரை என்ன பொருள் என்று ஒரு கேள்வி உண்டு. கையால் செய்த ஓடு, எந்திர ஓடு, கான்கிரீட் என்று தனித்தனி விடைகள். கூரையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி அதில் இல்லை. முடிவெடுக்கப் போகிறவர்கள் அந்தக் கேள்வியைத் தாங்களே சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

போன மழையில் முன்கட்டில் ஓரிடத்தில் சொட்டியதாம். அப்பா கூடத்தில் நின்றபடியே மூங்கில் கழியால் ஓர் ஓட்டை மேலே தள்ளிச் சரிசெய்துவிட்டு, குழுவில் எழுதினார்: "நின்னுடுச்சு."