ஏவலும் ஆக்கமும்: தொடக்கப் பள்ளிக் கணினிக் கல்வி வரலாற்றில் மொழியின் இடம்

முன்னுரை

எண்ணும் எழுத்தும் இளமையிலேயே கற்பிக்கத்தக்கன என்பது எல்லா நாட்டாரும் உடன்பட்ட கருத்தாகும். இவ்விரண்டினோடு மூன்றாவதாகக் கணினிப் பயிற்சியும் தொடக்கப் பள்ளியில் இடம்பெறல் வேண்டும் என்னும் கொள்கை ஏறத்தாழ அறுபதாண்டு வரலாறு உடையது. அக்கொள்கை தோன்றிய நாள்தொட்டு ஒரு வினா அதனைத் தொடர்ந்து வருகின்றது. சிறுவர் கணினியை ஏவக் கற்றல் வேண்டுமா? பிறர் ஆக்கி வைத்தவற்றைப் பயன்கொள்ளக் கற்றல் அமையுமா? இவ்வினாவிற்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டன. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எழுந்த அவ்விடைகளை முறைப்படக் கண்டு, அவற்றுள் மொழிக்குரிய இடம் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணினிக் கல்வி கணக்காசிரியர்க்கும் பொறியியலார்க்கும் உரியது. தமிழ்த்துறையினர்க்கு அதன்கண் வேலையில்லை என்பார் உளர். வரலாற்றை உற்று நோக்குவார்க்கு அக்கூற்று வலியற்றது என்பது புலனாகும். சிறுவர்க்கென முதன்முதல் வகுக்கப்பட்ட நிரல்மொழி எண்ணை முதலாகக் கொண்டு பிறந்ததன்று. சொல்லை முதலாகக் கொண்டு பிறந்தது.

லோகோவின் தோற்றம்

1967ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்துக் கேம்பிரிட்சு நகரில், போல்ட் பெரானெக் நியூமன் என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தில் லோகோ என்னும் நிரல்மொழி உருவாயிற்று. வாலி ஃபூர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் அதனை ஆக்கியோருள் முதன்மையானவர். சொல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று அதற்குப் பெயர் அமைந்தது. அந்நாளில் வழங்கிய பிற மொழிகள் பல எண்களைக் கையாளுதற்கென எழுந்தவை. லோகோவோ சொற்களையும் தொடர்களையும் கையாளும் வகையில் அமைக்கப்பட்டது. ஒரு சொல்லின் முதலெழுத்தைப் பிரித்தல், எஞ்சியதைத் தனியே நிறுத்தல், சொற்கள் பலவற்றைக் கூட்டித் தொடராக்கல் ஆகியனவே அதன் அடிப்படை ஆணைகளுட் சில. அவ்வாண்டிலேயே லிங்கன் என்னும் ஊரைச் சார்ந்த ஆன்சுகம் ஃபீல்டு பள்ளியில் ஐந்தாம் ஆறாம் வகுப்பு மாணவரிடையே அது பயின்று பார்க்கப்பட்டது.

பேப்பர்ட் தென்னாப்பிரிக்காவிற் பிறந்த கணித அறிஞர். 1958 முதல் 1963 வரை செனீவா நகரில், குழந்தையின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த சான் பியாசே என்பாருடன் பணியாற்றியவர். குழந்தை அறிவைப் பிறரிடமிருந்து வாங்கிக் கொள்வதில்லை, தானே கட்டியெழுப்புகின்றது என்பது பியாசேயின் கொள்கை. அவ்வாறாயின், கட்டுதற்கேற்ற பொருள்களைக் குழந்தையின் கையில் தருதலே ஆசிரியர் கடன் எனப் பேப்பர்ட் கருதினார். கணினி அத்தகைய பொருள்களுள் ஒன்று. 1971இல் அவரும் சாலமனும் கணினியைக் கொண்டு சிறுவர் செய்யத்தக்க இருபது செயல்களைத் தொகுத்து எழுதினர். ஓவியம், இசை, விளையாட்டு, கவிதை யாவும் அத்தொகுப்பில் உள. இன்னும் இருபது செயல்களைத் தாமே எண்ணிக் காண்க என்பது அதன் இறுதிச் செயல். கணினிவழிப் படைப்பாற்றல் என்று இன்று புதுவதாகப் பேசப்படுவதன் வித்து அங்கே கிடத்தலைக் காணலாம்.

ஆமையும் முக்கோணமும்

சில ஆண்டுகளில் லோகோவோடு ஆமை ஒன்று சேர்ந்தது. தரையில் ஊர்ந்து எழுதுகோலால் கோடிழுக்கும் பொறி அது. பின்னர்த் திரையில் தோன்றும் சிறு குறியாக மாறிற்று. நூறடி முன்செல், தொண்ணூறு பாகை வலந்திரும்பு என்னும் இரண்டு ஆணைகளை நான்கு முறை மீட்டும் கூறினால் சதுரம் கிடைக்கும்.

இனி, முக்கோணம் வரையப் புகும் சிறுவனைக் காண்போம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என அவன் படித்திருக்கின்றான். அதனால் அறுபது பாகை திரும்புக என மூன்று முறை ஏவுகின்றான். ஆமை முக்கோணம் வரைவதில்லை; வாய் மூடாத வளைவு ஒன்றை வரைந்து நிற்கின்றது. ஏவிய அளவு உள்ளமைந்த கோணம். ஆமை திரும்புவதோ புறக்கோணம். ஒரு சுற்று முற்றுப்பெற 360 பாகை வேண்டும். மூன்று திருப்பம் எனின் ஒவ்வொன்றும் 120 பாகையாதல் வேண்டும். இதனை ஆசிரியர் கூறாமலே, தானே ஆமையாகி நடந்து பார்த்துச் சிறுவன் உணர்தல் கூடும். அறுபது பாகையை ஆறு முறை ஏவினால் அறுகோணம் பிறப்பதையும் அவன் வழியிற் கண்டு மகிழ்வான். பிழை இங்கே இழுக்காகாது. அடுத்த கண்டுபிடிப்பிற்கு வாயிலாகின்றது. ஏட்டுச் சுவடியின் பிழையைத் தேடி, அது நுழைந்த காரணத்தை ஆராய்ந்து, நற்பாடம் காண்பவர்க்கு இம்முறை புதுமையாகத் தோன்றாது.

இலக்கணம் கண்ட சிறுமி

பேப்பர்ட் 1980இல் வெளியிட்ட மைண்ட்சுடார்ம்சு என்னும் நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறிக்கின்றார். பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி. தொடக்க வகுப்பைக் கடந்தவளாயினும் இலக்கணப் பாடத்தில் பின்தங்கியவள். கணினி தானே தொடர்களை ஆக்குமாறு நிரல் எழுத முயன்றாள். சொற்களை வகைப்படுத்தாமல் கொடுத்தமையால் பொருளற்ற தொடர்களே வெளிவந்தன. பெயர்ச்சொற்களை ஒரு தொகுதியாகவும் வினைச்சொற்களை மற்றொரு தொகுதியாகவும் பிரித்து, இன்ன இடத்தில் இன்ன தொகுதியினின்று சொல்லெடுக்க என ஏவினாலன்றித் தொடர் அமையாது என்பதைக் கண்டாள். பெயரும் வினையும் எதன்பொருட்டு வகுக்கப்பட்டன என்பது அன்றே தனக்கு விளங்கிற்று என்று வியந்தாள். பல ஆண்டுகள் வகுப்பறையிற் கேட்ட இலக்கணம், தான் ஒன்றை ஆக்க முனைந்தபோது தேவையாயிற்று, தேவையானபோது விளங்கிற்று. கணினிக் கல்விக்கும் மொழிக் கல்விக்கும் இடையே சுவரில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் லோகோ பற்றிய நம்பிக்கைகள் அனைத்தும் நிறைவேறின என்று கூறுதல் பொருந்தாது. நியூயார்க்கு நகரத்துப் பேங்க் சுட்ரீட் கல்லூரியைச் சார்ந்த ராய் பீ, மிடியன் குர்லாண்டு ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வுகளில், நிரல் கற்ற சிறுவர் பிற செயல்களைத் திட்டமிடுவதில் மற்றையோரினும் மேம்பட்டிலர் எனக் காட்டினர். கருவியைக் கொடுத்தவுடன் சிந்தனை தானே வளரும் என்று எதிர்பார்த்தல் தவறு என்பதே இதனாற் பெறப்படுவது. வழிகாட்டும் ஆசிரியர் இன்றிக் கருவி பயன்தராது.

இங்கிலாந்து: ஏவலினின்று பயன்பாட்டிற்கு

இங்கிலாந்தில் 1980 முதல் 1986 வரை நுண்மின்னியல் கல்வித் திட்டம் ஒன்றை அரசு நடத்திற்று. பிபிசி ஒலிபரப்புக் கழகத்தின் கணினி எழுத்தறிவுத் திட்டத்திற்கென ஏகார்ன் நிறுவனம் ஆக்கிய பிபிசி மைக்ரோ என்னும் கணினி 1981 திசம்பரில் வெளிவந்தது. 1982இல் தொடக்கப் பள்ளிகள் கணினி வாங்க அரசு பாதி விலையை ஏற்றது. அக்கணினியை இயக்கியவுடன் திரையில் தோன்றுவது ஒரு சிறு குறியே. ஆணை யாது என அது காத்து நிற்கும். ஏவத் தெரியாதவர்க்கு அப்பொறி எதுவும் செய்யாது. எனவே அதனை அணுகிய சிறுவர் ஒரு சில ஆணைகளையேனும் கற்றுக்கொள்ள வேண்டியவராயினர்.

1990களில் நிலை மாறிற்று. படக்குறிகளைத் தொட்டு இயக்கும் கணினிகள் பள்ளிகளுட் புகுந்தன. தட்டச்சிடல், அட்டவணை அமைத்தல், காட்சிப் படங்கள் தொகுத்தல் ஆகியனவே பாடமாயின. அப்பாடம் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் எனப் பெயர் பெற்றது. ஆக்குவோராக இருந்த சிறுவர் பயன்கொள்வோராயினர். இம்மாற்றத்திற்குக் காரணம் கணினியின் எளிமை மட்டும் அன்று. ஏவலைக் கற்பிக்கத்தக்க ஆசிரியர் தொடக்கப் பள்ளிகளில் அரியராயிருந்தமையும் காரணமாம். கற்பிக்க இயலாததைப் பாடத்திட்டம் மெல்லக் கைவிடுவது எல்லாத் துறையிலும் காணப்படும் இயல்பே.

மீட்சி

2012 சனவரியில் இங்கிலாந்தின் அரச கழகம் பள்ளிக் கணினிக் கல்வி பற்றி அறிக்கை ஒன்றை வெளியிட்டது. கற்பிக்கப்படுவது பெரும்பாலும் அடிப்படைப் பயன்பாட்டுத் திறனாகச் சுருங்கிவிட்டது என்பது அதன் முறையீடு. அம்மாதத்திலேயே பழைய பாடத்திட்டம் கைவிடப்படும் எனக் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் அறிவித்தார். 2014 செப்டம்பர் முதல் கணினியியல் என்னும் பெயரில் புதிய பாடம் நடைமுறைக்கு வந்தது. ஐந்து வயதில் பள்ளி புகும் குழந்தை முதற்கொண்டு அது பொருந்தும். ஒரு செயலை முடிக்கும் படிகளை ஒழுங்குபட வகுத்தல், எளிய நிரல்களை ஆக்கல், அவற்றின் பிழை களைதல், ஒரு நிரல் என்ன செய்யும் என முன்கூட்டி உய்த்துணர்தல் ஆகியன ஏழு வயதிற்குள் கற்கத்தக்கனவாக விதிக்கப்பட்டன.

இம்மீட்சிக்கு வழி வகுத்த கருவிகளுள் ஒன்று சுகிராச்சு. மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் மிட்செல் ரெசுனிக் தலைமையிலான குழுவினர் ஆக்கி 2007இல் வெளியிட்டது. ஆணைகள் வண்ணக் கட்டைகளாகத் திரையில் தோன்றும். அவற்றைக் கோத்துச் சிறுவர் கதையும் விளையாட்டும் அசைவோவியமும் படைப்பர். பேப்பர்ட்டின் கொள்கையே இதன் அடித்தளம். எழுத்துப் பிழையால் நிரல் நின்றுபோகும் இடர் இதில் இல்லை.

ஆயினும் பழைய குறை முற்றிலும் நீங்கிற்றில்லை. அரச கழகம் 2017இல் மீண்டும் ஆராய்ந்தபோது, பாடம் நடைபெறும் தரம் பள்ளிக்குப் பள்ளி வேறுபடுவதையும், ஆசிரியர் பலர் தகுந்த பயிற்சி பெறாமையையும் எடுத்துக் காட்டிற்று. அடுத்த ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக்கெனத் தேசிய நடுவம் ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. பாடத்திட்டம் ஓராணையால் மாறலாம். ஆசிரியர் ஓராணையால் உருவாகார்.

ஏவலின் மொழி

இதுகாறும் கண்ட நாடுகளில் சிறுவர் தம் தாய்மொழியிலேயே கணினியை ஏவினர். ஆதலின் மொழி ஒரு சிக்கலாக அங்கே தோன்றவில்லை. பிற மொழியாளர் இதனை உணர்ந்து செயற்பட்டனர். லோகோ பிரெஞ்சிலும் வேறு பல மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் ஒலொஃப் மொழியிலும் ஆக்கப்பட்டது. இந்தியாவிலோ, 1984இல் நடுவணரசு தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டத்தின் வழியாக அதே பிபிசி கணினிகள் உயர்நிலைப் பள்ளிகளுக்கு வந்தபோது, பொறியோடு ஆங்கில ஆணைகளும் உடன்வந்தன.

தமிழில் இக்குறையை நீக்க எழுந்த முயற்சிகளுள் குறிக்கத்தக்கது எழில் என்னும் நிரல்மொழி. முத்து அண்ணாமலை என்பார் தமிழ் மாணவர்க்கென வடித்து 2009இல் அறிவித்தது. பதிப்பி, பின்கொடு, முடி ஆகிய தமிழ்ச் சொற்களே அதன் ஆணைகள். இவ்வேவல் வடிவங்கள் நம் இலக்கணத்தார் நன்கு ஆராய்ந்தவை. முடி என்னும் வினைப்பகுதியே விகுதி வேண்டாது ஏவல் ஒருமையாக நிற்றல் தமிழின் இயல்பு. சுருங்கிய ஆணைக்கு இதனினும் ஏற்ற வடிவம் வேறில்லை. நிபந்தனைத் தொடரில் எழில் பின்பற்றும் முறையும் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்வரும். எழிலில் நிபந்தனை முன்னும் ஆனால் என்னும் சொல் அதன் பின்னும் வரும். இது சொற்பெயர்ப்பு அன்று. தமிழ்த் தொடரமைப்பிற்குக் கணினியை இணங்கச் செய்தல் ஆகும்.

இன்னும் ஆழ்ந்த சிக்கல் ஒன்றுண்டு. தமிழ் என்னும் சொல்லில் எழுத்து எத்தனை என வினவினால் முதல் வகுப்புக் குழந்தை மூன்று என்னும். பெருவழக்கிலுள்ள நிரல்மொழிகள் சிலவற்றில் அவ்வினாவைக் கேட்டால் ஐந்து என விடை வரும். ஒருங்குறியில் உயிர்மெய்யின் குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கப்பட்டமையே காரணம். கொடி என்பதன் முதலெழுத்தைக் கேட்டால் ககரமே வரும், கொகரம் வாராது. ஆசிரியர் கற்பித்த எழுத்திலக்கணம் பிழையோ எனக் குழந்தை ஐயுறும். ஓப்பன் தமிழ் என்னும் நிரல்தொகுப்பு எழுத்தை எழுத்தாகவே எண்ணும் வழியை அமைத்துள்ளது. அத்தகைய பணிக்கு அடிப்படை, எழுத்து யாது என்னும் இலக்கண அறிவே அன்றோ? லோகோவின் அடிப்படை ஆணைகளுள் ஒன்று சொல்லின் முதலெழுத்தைப் பிரித்தல் என்பதை ஈண்டு நினைவுகூர்க. அவ்வாணை தமிழ்க் குழந்தைக்குச் சரியான விடை தருமாறு செய்தல் தமிழறிந்தார் உடனிருந்து செய்ய வேண்டிய பணியாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. சிறுவர்க்குரிய கணினிக் கல்வி ஆக்கத்தை நோக்கமாகக் கொண்டே தோன்றியது. பயன்பாடு மட்டும் போதும் என்பது இடையில் நேர்ந்த தேய்வு. அத்தேய்விற்கும் மீட்சியின் மெலிவிற்கும் ஆசிரியப் பயிற்சியின் குறைவே பெரிதும் காரணம். ஏவும் மொழி குழந்தையின் மொழியாயிருத்தல் வேண்டும் என்பது மூன்றாவது. இது நம்மவரால் இன்னும் போதிய அளவு ஆராயப்படவில்லை.

ஏவல் வினையின் வடிவங்கள், நிபந்தனைத் தொடரின் அமைப்பு, எழுத்தின் வரையறை ஆகியன நம் துறையில் நெடுங்காலம் பயிலப்படுவன. அவ்வறிவைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கும் நிரல் எழுதுவோர்க்கும் உதவும் வகையில் தொகுத்து அளிப்பது முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். அது நடைபெறாதாயின், தமிழ்ச் சிறுவர் கணினியை ஏவக் கற்பர், தமிழில் ஏவார்.