பாசியும் நாளைய உணவும்



பழனி மலைத்தொடரிலே, காப்பியும் வாழையும் செழிக்கும் பண்ணைக்காட்டில், மழைக்காலத்தில் தொட்டிகளிலும் ஈரச் சுவர்களிலும் பசேலெனப் பாசி படர்வதைக் காணலாம். கால் வழுக்குமே என்றஞ்சி நாம் ஒதுங்கிச் செல்கிறோம். ஆயினும், அப்பசுமையை உணவாக்க மனிதன் முயன்ற வரலாறு நெடியது.

மெக்சிகோவின் தெஸ்கோகோ ஏரியில் மிதந்த நீலப்பச்சைப் பாசியை அஸ்டெக் மக்கள் அரித்தெடுத்து, உலர்த்தி உண்டனர். 16ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற ஸ்பானியர் இதனை எழுதி வைத்துள்ளனர். 1890இல் டச்சு அறிஞர் பெயரின்க், குளோரெல்லா வல்காரிஸ் என்னும் ஒற்றை உயிரணுப் பாசியைத் தனியே பிரித்து வளர்த்தார். 1951இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் குளோரெல்லாவைப் பெருமளவில் வளர்த்துப் பார்த்தனர். பஞ்சத்தை வெல்லும் புரதம் கிடைத்தது என்று உலகம் மகிழ்ந்தது. ஆனால், செலவோ மிகுதி; வயல்களின் விளைச்சலும் பெருகிற்று; அந்த நம்பிக்கை தளர்ந்தது.

தமிழகமும் இத்துறையில் பின்தங்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் (1886–1963) இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார். பின்னாளில், சென்னை முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி. வி. சேஷாத்ரியும் அவர்தம் குழுவினரும், சிற்றூர் மக்கள் எளிய தொட்டிகளிலேயே சுருள்பாசி வளர்க்கும் முறையை வகுத்தனர். வைட்டமின் ஏ குறைவால் கண்ணொளி மங்கும் குழந்தைகளுக்கு அப்பாசியை அளித்தும் ஆராய்ந்தனர்.

2013இல் இவ்வரலாறு புதியதொரு திருப்பத்தை நெருங்கியது. மார்க் போஸ்ட் என்னும் அறிஞர், பசுவின் தசை உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துச் செய்த இறைச்சியை லண்டனில் மக்கள் முன் வைத்தார். உயிரைக் கொல்லாமல் ஊன் பெறலாம் என்பதே இம்முயற்சியின் நோக்கம். எனினும், உயிரணுக்களுக்கும் பசி உண்டன்றோ? அவற்றுக்கு வேண்டிய சர்க்கரையும் அமினோ அமிலங்களும் பெரும்பாலும் வயலில் விளையும் பயிர்களிலிருந்தே வருகின்றன. வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களுக்காகவோ, கருவிலிருக்கும் கன்றின் குருதிநீரைச் சேர்த்தனர். கொல்லாமை நாடிய முயற்சிக்கு இஃது ஒரு முரணாயிற்று.

2020இல் ஜப்பானிய அறிஞர்கள் முதற் குறைக்கு ஒரு வழி கண்டனர். பெயரின்க் பிரித்த அதே குளோரெல்லா வல்காரிஸை அமிலத்தால் சிதைத்து, அதிலிருந்து பெற்ற ஊட்டப்பொருள்களைக் கொண்டு விலங்கின் தசை உயிரணுக்களை வளர்த்தனர். பாசிக்கு வளமான நிலம் வேண்டா. நீரும் ஒளியும் காற்றும் சிறிது உப்புகளும் போதும். குருதிநீரின் சிக்கலும் செலவும் முழுமையாகத் தீர்ந்தபாடில்லை. அவற்றைத் தீர்க்கும் பணி உங்கள் தலைமுறைக்கு உரியது.

இனி ஈரச் சுவரைக் கண்டால் ஒதுங்கிச் செல்லாதீர்கள். அப்பசுமையில் ஒரு துளி எடுத்து, உங்கள் பள்ளியின் நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள்.