கேளிக்கைப் படைப்புகளின் சட்டக் காப்பு

கேளிக்கைப் படைப்புகளின் சட்டக் காப்பு என்பது நாடகம், கூத்து, திரைப்படம், தொலைக்காட்சி நிகழ்ச்சி போன்ற புதிய முயற்சிகளைப் பிறர் இசைவின்றி எடுத்தாளாதவாறு தடுக்கும் சட்ட வழிகளைக் குறிக்கும். இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. பதிப்புரிமைச் சட்டம் (1957), வணிகக்குறிச் சட்டம் (1999), நம்பிக்கை மீறல் குறித்த நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியன சேர்ந்தே இக்காப்பை அளிக்கின்றன. புதிய தொழிலுக்கு விளம்பரம் இன்றியமையாதது. ஆனால் ஊரறியச் சொல்லிவிட்ட எண்ணத்தைப் பின்னர் மறைபொருள் எனக் கோர இயலாது. எனவே எதை, எப்போது, எவரிடம் வெளியிடுவது என்பதே இத்துறையின் முதன்மைச் சிக்கலாகும்.

எண்ணமும் வெளிப்பாடும்

பதிப்புரிமை ஓர் எண்ணத்தைக் காப்பதில்லை. அவ்வெண்ணம் எழுத்திலோ பதிவிலோ பெற்ற வடிவத்தையே காக்கிறது. (நாளிதழ்கள் இதனைக் "காப்புரிமை" என எழுதுவதுண்டு. காப்புரிமை என்பது புத்தாக்கக் கருவிகளுக்கும் செய்முறைகளுக்கும் உரியது.) இவ்வேறுபாட்டை நிலைநாட்டிய தீர்ப்பு, உச்ச நீதிமன்றம் 1978இல் வழங்கிய ஆர். ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் வழக்கின் தீர்ப்பாகும்.

ஆனந்த் 1953இல் "ஹம் ஹிந்துஸ்தானி" என்ற நாடகத்தை எழுதினார். ஒரு பஞ்சாபிக் குடும்பமும் ஒரு மதராசிக் குடும்பமும், அவற்றின் பிள்ளைகளிடையே காதல், பெற்றோரின் எதிர்ப்பு என்பது அதன் கதை. திரைப்பட இயக்குநர் மோகன் சேகல் 1955இல் தில்லிக்கு வந்தபோது ஆனந்த் நாடகம் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினார். 1956இல் சேகலின் "நியூ டெல்லி" வெளிவந்தது. கிஷோர் குமார் பஞ்சாபி இளைஞராகவும் வைஜெயந்திமாலா தமிழ்ப் பெண்ணாகவும் நடித்த அப்படம் தம் நாடகமே என ஆனந்த் வழக்குத் தொடுத்தார். மாநில வெறி என்ற கரு இரண்டுக்கும் பொதுவானதே எனினும் கதையை வளர்த்த விதம் வேறு என்றும், இரண்டையும் கண்ட ஓர் எளிய பார்வையாளர் ஒன்றை மற்றொன்றின் நகல் எனக் கருதமாட்டார் என்றும் நீதிமன்றம் கூறியது. ஆனந்த் தோற்றார். புதிய படைப்பாளிகளுக்கு இத்தீர்ப்பு கடுமையானதாகவே தோன்றும். எனினும் கருவையே ஒருவருக்கு உடைமையாக்கினால் அடுத்தவர் காதல் கதை எழுதவே முடியாது.

நம்பிக்கை மீறல்

பதிப்புரிமை கைவிடும் இடத்தில் இவ்வழி உதவலாம். "கிரிஷ் கன்னையா" என்ற தொடருக்கான கருத்துக் குறிப்பைச் சண்டயல் கம்யூனிகேசன்ஸ் நிறுவனம் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிந்து, பின் சீ நிறுவனத்திடம் அளித்தது. அதையொத்த "கன்னையா" தொடரைச் சீ தயாரித்தபோது, நம்பிக்கையின்பேரில் பெற்ற கருத்தைப் பயன்படுத்தலாகாது எனப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2003இல் தடையை உறுதி செய்தது. ஆனந்த் வழக்கிலிருந்து இது வேறுபடுவதற்குக் காரணம், கருத்து இன்னும் பொதுவெளிக்கு வராமல் இருந்தமையே. எவரிடம், எந்நாளில், என்ன கொடுக்கப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்று தேவை. ஆகவே, விளம்பரத்துக்கு முன்பே இசைவு ஒப்பந்தம் செய்துகொள்வது நலம்.

பெயர்

விளம்பரத்தால் இழப்பின்றி வளர்வது பெயர் மட்டுமே. தனியொரு தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என உச்ச நீதிமன்றம் 2015இல் கிருஷிகா லுல்லா வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆனால் குழுவின் பெயரை வணிகக்குறியாகப் பதியலாம். கேளிக்கைச் சேவைகள் 41ஆம் வகுப்பில் அடங்கும். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்கத்தக்கது. பிறர் புகழைக் கொண்டு விளம்பரம் தேடுவதும் தடைக்கு உள்ளாகும். "மைன் ஹூன் ரஜினிகாந்த்" என்ற இந்திப்பட வழக்கில் நடிகர் ரஜினிகாந்துக்குச் சார்பாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது.

புதுச்சேரி ஊரகப் பகுதி

புதுச்சேரி, வணிகக்குறிப் பதிவில் சென்னை அலுவலகத்துக்கும், வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் உட்பட்டது. வில்லியனூர் சுடுமண் கைவினையும் மண்ணாடிப்பட்டு கொம்யூனிலுள்ள திருக்கனூரின் காகிதக்கூழ்க் கைவினையும் புவிசார் குறியீடு பெற்றவை. ஆனால் அச்சட்டம் பொருட்களுக்கு மட்டுமே உரியது. பாகூரில் ஒரு கூத்துக்குழு தன் ஊர்ப்பாணிக்கு அத்தகைய குறியீடு கோர இயலாது. அக்குழுவுக்கு எஞ்சுவன, எழுதப்பட்ட பிரதிக்கான பதிப்புரிமை, குழுப் பெயர், நிகழ்த்துநர் உரிமை ஆகியனவே. பதிப்புரிமை படைத்த கணமே தோன்றுகிறது, பதிவு கட்டாயமன்று. சான்றாக வேண்டுவோர் ஒரு நாடகத்துக்கு 500 ரூபாய் கட்டணத்தில் பதியலாம். நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும்; பாடகர், நடிகர் மட்டுமன்றிக் கழைக்கூத்தாடி, பாம்பாட்டி ஆகியோரையும் சட்டம் நிகழ்த்துநர் எனப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இவர்களின் நிகழ்ச்சியை இசைவின்றி ஒளிப்பதிவு செய்து விற்பது உரிமை மீறலாகும். குழுவினரே கட்டண நிகழ்ச்சியில் திரைப்பாடல்களை ஒலிபரப்பினால் அதற்கும் உரிமம் பெறவேண்டும்.