தெரேசின் முகாமில் ஓர் ஓவிய ஆசிரியை

அவுஷ்விட்ஸ் என்னும் பெயரைக் கேட்டதும் நம்மவர் நினைவில் எழுவோர் இருவர். பட்டினிக் கொட்டடியில் பிறனொருவனுக்காகத் தம்முயிர் ஈந்த மாக்சிமிலியன் கோல்பே ஒருவர். யூத குலத்தில் பிறந்து, கார்மேல் சபைத் துறவியாகி, 1942இல் நச்சுப்புகைக்கு இரையான எடித் ஸ்டெயின் மற்றொருவர். இருவரையும் திருச்சபை புனிதர் வரிசையில் சேர்த்துப் போற்றுகிறது. அதே முகாமில் 1944 அக்டோபர் 9ஆம் நாள் கொல்லப்பட்ட இன்னொரு பெண்மணியை நம்மிடையே அறிந்தோர் மிகச் சிலரே. அவர் துறவியல்லர், சமயப் பணி எதுவும் ஆற்றியவருமல்லர், இளமையில் பொதுவுடைமையரோடு சேர்ந்து நின்றவர். தொழிலால் ஓவியர். பெயர் ஃபிரீடல் டிக்கர் பிராண்டைஸ். அஞ்சி ஒடுங்கிய குழந்தையின் கையில் வண்ணக்கோலைக் கொடுத்து அதன் மனத்தை ஆற்றுப்படுத்தலாம் என்று இன்று உளநல மையங்களில் கேட்கிறோமே, அந்த வழக்கத்தின் வரலாற்றைத் தேடிச் செல்வோர் இவரது வாசலைக் கடக்காமல் செல்ல இயலாது.

வியன்னா நகரில் 1898ஆம் ஆண்டு பிறந்தவர் ஃபிரீடல். சிறு குழந்தையாய் இருக்கையிலேயே தாயை இழந்தார். தந்தை ஒரு காகிதக் கடையில் பணியாற்றினார். தாயில்லாப் பிள்ளைக்குக் கடையிலிருந்த தாளும் பென்சிலும் வண்ணங்களுமே விளையாட்டுத் தோழர்களாயின. பின்னர் அவருக்கு வாய்த்த ஆசிரியர்களும் வியப்புக்குரியவர்களே. குழந்தையின் கிறுக்கலும் கலையே, பெரியவர் அதைத் திருத்தப் புகுதல் தவறு என்று முதன்முதலில் வாதிட்டவர்களுள் ஒருவரான பிரான்ஸ் சீசெக் அவர்களுள் ஒருவர். யோஹன்னஸ் இட்டன் இன்னொருவர். இட்டனின் வகுப்பு தூரிகையில் தொடங்காது. மூச்சுப் பயிற்சியில் தொடங்கும். உடல் தளர்ந்து, மூச்சு சீராகி, கை ஒரு தாளகதிக்கு வந்த பின்னரே மாணவர் கோடு இழுக்கத் தொடங்குவர். 1919இல் இட்டன் ஜெர்மனியின் வைமார் நகரில் புதிதாய்த் தொடங்கப்பெற்ற பௌஹவுஸ் கலைப்பள்ளிக்கு ஆசிரியராகச் சென்றபோது, ஃபிரீடலும் அவரைத் தொடர்ந்து சென்று பயின்றார். அந்த மூச்சும் தாளமும் இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் எங்கே பயன்படப் போகின்றன என்பதை அன்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது.

வியன்னாவுக்குத் திரும்பியவர் பிரான்ஸ் சிங்கர் என்னும் நண்பரோடு சேர்ந்து, வீடுகளுக்கும் கடைகளுக்கும் அறைகலன்களும் துணிகளும் வடிவமைக்கும் நிலையம் ஒன்றை நடத்தினார். தொழிலாளர் குடியிருப்பு ஒன்றிலிருந்த மொந்தெசோரி மழலையர் பள்ளிக்கு உள்ளமைப்பு செய்ததும் இந்நிலையமே. 1934இல் ஆஸ்திரியாவில் அரசியல் கொந்தளிப்பு மூண்டபோது, பொதுவுடைமையரோடு கொண்டிருந்த தொடர்பின் பேரில் கைதாகிச் சிறையிருந்தார். விடுதலைக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராகாவிற்குக் குடிபெயர்ந்தார்.

நமது வரலாறு உண்மையில் தொடங்குவது இங்கேதான். ஹிட்லரின் ஆட்சிக்கு அஞ்சி ஓடிவந்த அகதிக் குடும்பங்கள் பிராகாவில் நிறைந்திருந்தன. அக்குடும்பங்களின் பிள்ளைகளை ஒன்றுசேர்த்து ஃபிரீடல் ஓவியம் கற்பிக்கத் தொடங்கினார். வீடும் தெருவும் தோழரும் மொழியும் ஒரே இரவில் பறிபோன பிள்ளைகள் அவர்கள். அவருக்கு உதவியாக நின்ற வியன்னாப் பெண்ணொருத்தி, எடித் கிராமர். அப்போது வயது இருபதுக்குள். அமைதியான காலத்துப் பிள்ளைகளின் படங்களுக்கும் இந்த அகதிப் பிள்ளைகளின் படங்களுக்கும் உள்ள வேறுபாட்டை இருவரும் கூர்ந்து நோக்கினர். சில குழந்தைகள் ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தனர்; சிலர் தாளின் ஒரு மூலையிலேயே ஒடுங்கிக் கொண்டனர். அச்சம் பேச்சில் வெளிப்படுமுன் கோட்டில் வெளிப்பட்டுவிடுகிறது என்பதை அவர்கள் ஏட்டில் படித்து அறியவில்லை. அந்தப் பிள்ளைகளின் அருகே அமர்ந்து அறிந்தனர்.

1938இல் எடித் கிராமர் அமெரிக்காவிற்குத் தப்பிச் சென்றார். ஃபிரீடலுக்கும் வெளியேறும் வாய்ப்பு இருந்தது. பாலஸ்தீனத்திற்குச் செல்ல அனுமதி கிடைத்தும், தம் கணவர் பாவெல் பிராண்டைசுக்கு அது கிட்டாமையால் மறுத்துவிட்டார். கணவரோடு ஹ்ரோனோவ் என்னும் சிற்றூரில் ஒடுங்கி வாழ்ந்தார். 1942 டிசம்பரில் இருவருக்கும் அழைப்பாணை வந்தது. ஆளுக்கு ஐம்பது கிலோ பொருளுக்கு மேல் கொண்டுசெல்லக் கூடாது என்பது விதி. மற்றவர் கம்பளியும் உணவும் கட்டிக்கொண்ட வேளையில், ஃபிரீடல் தம் பங்கின் பெரும்பகுதியைத் தாளுக்கும் வண்ணங்களுக்கும் ஒதுக்கினார். தமக்குப் பிள்ளையில்லாத அந்தப் பெண்மணி, தாம் போகுமிடத்தில் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே எண்ணியிருக்கிறார்.

தெரேசின், பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1780இல் கட்டத் தொடங்கித் தம் தாய் மரிய தெரேசாவின் பெயரை இட்ட கோட்டை நகரம். போருக்கு முன் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் வாழ்ந்த இடம். 1941 நவம்பரில் நாஜிகள் அதனை யூதர்களுக்கான அடைப்பு நகராக மாற்றினர். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அங்கே ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர். மொத்தத்தில் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் பேர் அங்கே கொண்டுவரப்பட்டனர். முப்பத்து மூவாயிரம் பேர் நோயாலும் பசியாலும் அங்கேயே மடிந்தனர். எண்பத்தெட்டாயிரம் பேர் கிழக்கே இருந்த கொலைக்களங்களுக்குத் தொடர்வண்டிகளில் ஏற்றப்பட்டனர். குழந்தைகள் பதினாயிரத்துக்கும் மேல். அடைபட்ட யூதப் பெரியோர் எடுத்த முடிவு ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. பெரியவர்களின் கொட்டடிகளிலிருந்து பிள்ளைகளைப் பிரித்துத் தனி விடுதிகளில் வைத்து, கிடைத்த உணவில் சற்றுக் கூடுதலாய் அவர்களுக்கு ஒதுக்கினர். கூடுதலாய் ஒதுக்கியது முதியோரின் பங்கிலிருந்து குறைத்ததே. கசப்பான கணக்கு அது. வெளியிலிருந்து அதற்குத் தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதியில்லை.

பாடம் நடத்துவதற்குத் தடை இருந்தது. கணக்கும் வரலாறும் கற்பிக்க வேண்டுமாயின் ஒருவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு மறைவில் கற்பிக்க வேண்டும். பாட்டுக்கும் ஓவியத்துக்கும் கைவேலைக்கும் மட்டும் ஒருவாறு அனுமதி இருந்தது. அந்தச் சிறு இடைவெளிக்குள்தான் ஃபிரீடல் நுழைந்தார். எல் 410 என்று எண்ணிடப்பட்ட பெண்பிள்ளைகள் விடுதியில் தங்கி, அங்கும் பிற விடுதிகளிலும் வகுப்புகள் நடத்தினார்.

மூன்றடுக்குப் படுக்கைகளுக்கு நடுவே பிள்ளைகள் நெருங்கி அமர்ந்திருப்பர். ஆசிரியை தாளம் தட்டுவார்; அதற்கேற்பக் கைகள் காற்றில் அசையும், பின் தாளில் சுழலும். உருவம் எதையும் வரையச் சொல்லமாட்டார். வளைவு, சுழி, எழுவதும் விழுவதுமான கோடு, இவ்வளவே. இட்டனிடம் கற்ற பயிற்சி அது. நாள் முழுதும் கட்டளைக்கு விறைத்து நின்ற உடல் அந்தத் தாளத்தில் மெல்ல இளகியது. அதன்பின் சில சொற்களை விரைவாய்ச் சொல்வார். பிள்ளைகள் அவற்றை அப்படியே தாளில் பிடிக்க வேண்டும். சில நாள் பேரோவியர்களின் படங்களைப் பார்த்து வரைவர். கொண்டுவந்த தாள் தீர்ந்ததும், அலுவலகத்தில் கழித்துப் போட்ட படிவங்களின் பின்புறமும் பொட்டலத் தாளும் பயன்பட்டன. எழுத்து அச்சிட்ட பழந்தாள்களைக் கிழித்து ஒட்டியே மலைகளும் வீடுகளும் எழுந்தன. கத்தரிக்கோல் எல்லாருக்கும் போதாதபோது விரல்களே கிழித்தன.

அவர் கண்டிப்பாய் வற்புறுத்தியது ஒன்றுண்டு: வரைந்தவர் தம் பெயரைத் தாளில் எழுத வேண்டும். முகாமின் ஏடுகளில் ஒவ்வொருவரும் போக்குவரத்து வண்டியின் எழுத்தும் எண்ணுமாகக் குறிக்கப்பட்டிருந்தனர். எண்ணாக்கப்பட்ட பிள்ளைக்குத் தன் பெயரை நாள்தோறும் தன் கையால் எழுதுவது எத்தகைய மருந்து என்பதை விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் எவற்றை வரைந்தனர்? கொடுமைகளையே வரைந்திருப்பர் என்று நாம் எண்ணுவோம். சில படங்களில் அவை உண்டு: உணவுக்கு நிற்கும் வரிசை, காவலர், நோயாளியின் கட்டில். ஆனால் பெரும்பாலானவை வேறு. விட்டுவந்த வீடு, விளக்கெரியும் உணவு மேசை, புல்வெளி, பூங்கொத்து, பட்டாம்பூச்சி. ஒளிந்துகொள்ளும் கனவுகள் என்று இவற்றை ஒதுக்குவாரும் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. இருந்த ஒன்றை இருந்தது என்று சான்று பகர்வது கனவாகாது. அதே எல் 410 விடுதியில் இருந்த ஹெல்கா வைசோவா என்னும் சிறுமி, வந்த புதிதில் பனிமனிதன் படம் ஒன்றை வரைந்து தந்தைக்கு அனுப்பினாள். கண்ணால் காண்பதை வரை என்று தந்தை விடையனுப்பினார். அதுமுதல் அவள் முகாமின் நடப்பையே வரைந்தாள். உயிர் பிழைத்து, பின்னர் ஓவியருமானாள். ஆகவே வழி ஒன்றே என்று சொல்வதற்கில்லை. கண்டதை வரைந்து நிமிர்ந்த குழந்தையும் உண்டு. இழந்ததை வரைந்து மூச்சுவிட்ட குழந்தையும் உண்டு. எதை வரைய வேண்டும் என்று ஃபிரீடல் நெருக்காததே அவரது நுண்ணறிவு.

1943இல் முகாமிலிருந்த ஆசிரியர்களுக்குக் குழந்தை ஓவியம் பற்றி அவர் உரை நிகழ்த்தினார். அதன் எழுத்து வடிவம் நமக்குக் கிடைத்துள்ளது. பிள்ளைகளை ஓவியர்களாக்குவது தம் நோக்கமன்று. அவர்களுள் அடைபட்டுள்ள ஆற்றலைத் திறப்பதும், கற்பனையையும் தாமே தீர்மானிக்கும் துணிவையும் வளர்ப்பதுமே நோக்கம் என்பது அவ்வுரையின் சாரம். பெரியவர்கள் தம் வழியை அவசரப்பட்டுத் திணித்தால் குழந்தை தன் வழியை இழந்துவிடும் என்றும் எச்சரித்தார். நாளை இருப்போமா என்றறியாத ஊரில், சாவு வண்டிகள் கடந்து செல்லும் தெருவில் அமர்ந்து இதைப் பேசியிருக்கிறார். ‘சிகிச்சை’ என்னும் பெயரை அவர் தம் வகுப்புக்குச் சூட்டவில்லை. அந்த ஒரு மணி நேரம் பசி மறந்தது, அச்சம் விலகி நின்றது என்று உயிர்பிழைத்தோர் பலர் பிற்காலத்தில் கூறியுள்ளனர். அதற்கு மேல் நாம் உரிமை கொண்டாடுவது முறையாகாது. ஓவியம் அப்பிள்ளைகளைச் சாவினின்று காக்கவில்லை.

1944 செப்டம்பர் இறுதியில் பாவெல் கிழக்கே அனுப்பப்பட்டார். கணவரைத் தேடித் தாமும் செல்ல விரும்பி, அடுத்துச் செல்லும் வண்டி ஒன்றில் தம்மைச் சேர்க்குமாறு ஃபிரீடல் தாமே கேட்டுக்கொண்டார். அக்டோபர் 6ஆம் நாள் வண்டி புறப்பட்டது. மூன்றாம் நாள் அவர் உயிர் நச்சுப்புகையில் முடிந்தது. அவரிடம் பயின்ற பிள்ளைகள் பலரும் அந்த இலையுதிர்காலத்து வண்டிகளிலேயே சென்றனர். தச்சு வேலை பழகியிருந்த பாவெலோ பிழைத்துக்கொண்டார். புறப்படுமுன் ஃபிரீடல் பிள்ளைகளின் படங்களை இரண்டு பெட்டிகளில் நிரப்பி விடுதியில் மறைத்து வைக்கச் செய்திருந்தார். தம் ஓவியங்களைப் பற்றி அவ்வளவு கவலை கொண்டதாகத் தெரியவில்லை. போர் முடிந்தபின் 1945இல், விடுதியின் பொறுப்பாளராய் இருந்த வில்லி குரோக் அப்பெட்டிகளைப் பிராகாவின் யூத சமூகத்தாரிடம் ஒப்படைத்தார். ஏறத்தாழ 4,500 படங்கள்.

கடல் கடந்த எடித் கிராமரின் கதை இதன் மறுபாதி. நியூயார்க்கில் போர்க்காலத்தில் இயந்திரப் பட்டறையில் உழைத்த அவர், 1950இல் வில்ட்விக் என்னும் சிறுவர் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்தார். வறுமையும் வன்முறையும் சூழ வளர்ந்து, நீதிமன்றத்தாலும் நலத்துறையாலும் அங்கு அனுப்பப்பட்ட சிறுவர்கள். கோபம் மிகுந்து தாளைக் கிழிப்பவன், மண்ணுருவைச் செய்து உடனே நசுக்குபவன், வெற்றுத்தாளைக் கண்டாலே நடுங்குபவன் என இவர்களிடையே கிராமர் ஏழாண்டுகள் பணியாற்றினார். அங்கு கண்டறிந்தவற்றை 1958இல் நூலாக்கினார். அந்நாளில் மார்கரெட் நௌம்பர்க் என்னும் அறிஞர் வேறொரு வழி கூறியிருந்தார். படம் ஆழ்மனத்தின் பேச்சு. அதைக் கொண்டு குழந்தையோடு உரையாடிப் புண்ணைக் கண்டறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. கிராமரோ, படைக்கும் செயலே ஆற்றுகிறது. கிழிக்கத் துடித்த வேகம் புலியொன்றின் உருவாய் நிலைபெறும்போதே உள்ளம் ஓரளவு வலிமை பெற்றுவிடுகிறது என்றார். ஓவிய ஆற்றுப்படுத்துநர்களிடையே இவ்விரு நெறிகளும் இன்றளவும் உண்டு.

கிராமர் பிற்காலத்தில் வழங்கிய ‘மூன்றாம் கை’ என்னும் கருத்தும் நினைக்கத்தக்கது. குழந்தையின் கை தடுமாறும்போது உதவும் கை அது; ஆயினும் அதன் படத்தில் தன் சாயலைப் பதிக்காத கை. வண்ணம் வழிந்தோடுகையில் தாளைச் சற்றே சாய்த்துப் பிடிப்பது, உடையவிருக்கும் மண்பொம்மையின் காலுக்கு முட்டுக்கொடுப்பது, இவை போன்றன அதன் வேலைகள். பிள்ளையின் வீட்டுப்பாடப் படத்தை அழகாக்குகிறேன் என்று வாங்கித் தாமே வரைந்து கொடுக்கும் பெற்றோர் நம்மிடையே குறைவில்லை. அவர்கள் இக்கருத்தைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பல தலைமுறை மாணவர்க்கு இக்கலையைக் கற்பித்த கிராமர், தாம் கற்றது ஃபிரீடலிடமே என்று இறுதிவரை சொல்லி வந்தார். 2014இல் தம் தொண்ணூற்றேழாம் வயதில் ஆஸ்திரியாவில் காலமானார்.

தெரேசின் படங்கள் பிராகாவின் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. நகரின் பிங்காஸ் தொழுகைக்கூடத்தில், கொல்லப்பட்ட ஏறத்தாழ எண்பதாயிரம் பேரின் பெயர்கள் எழுதிய சுவர்களுக்கு மேல்தளத்தில், அவற்றுள் சில காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. படங்களில் பிள்ளைகள் எழுதிய பெயரைக் கொண்டு, முகாமின் பட்டியல்களோடு ஒப்பிட்டு, வரைந்தவர் யார், எந்நாளில் பிறந்தவர், எந்த வண்டியில் அனுப்பப்பட்டார், பிழைத்தாரா என்பன ஒவ்வொன்றாய்த் தேடிக் கண்டறியப்பட்டன. பெயர் எழுதாத படங்களும் சில உண்டு. அவற்றை வரைந்தவர் யாரெனத் தெரியவில்லை.